துறைமுகத்தில் நின்ற பிறகும் புகை ஏன்?

சொகுசுக் கப்பல்களையும் கடலோர விடுதிகளையும் பற்றிச் சென்ற இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஏராளமான கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சுற்றுச்சூழலைப் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இந்த மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதினொரு ஆண்டுகள் பயணிகள் கப்பல்களின் விடுதிப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கண்ணால் கண்டதையும், கரைக்கு வந்த பின் தொடர்ந்து படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துப் பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் ஊர்களை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி (திருவொற்றியூர் வாசகர்): குடும்பத்தோடு முதல் முறையாக ஒரு பயணிகள் கப்பலில் சென்றுவந்தோம். வழியில் ஒரு துறைமுகத்தில் காலை முதல் மாலை வரை கப்பலைக் கட்டிப்போட்டிருந்தார்கள். ஓடாமல் நிற்கும் கப்பலின் புகைபோக்கியிலிருந்து நாள் முழுவதும் புகை வந்துகொண்டிருந்தது ஏன்?

பதில்: நல்ல கவனிப்பு. இன்றைய பெரிய பயணிகள் கப்பல் என்பது ஒரு மிதக்கும் மின்நிலையம். அடித்தளத்தில் இருக்கும் ஜெனரேட்டர்கள் தயாரிக்கும் மின்சாரம்தான் கப்பலைத் தள்ளும் விசிறியின் மோட்டார்களுக்கும், குளிர்சாதனத்துக்கும், சமையற்கூடத்துக்கும், சலவைக்கூடத்துக்கும், கடல்நீரை நன்னீராக்கும் கருவிகளுக்கும் பிரிந்து போகிறது. துறைமுகத்தில் கயிறு கட்டியதும் விசிறிக்குப் போகும் பங்கு மட்டும் நின்றுவிடும். ஆயிரக்கணக்கானோர் தங்கியிருக்கும் ஒரு விடுதிக்கான மின்சாரம் அப்போதும் தேவை. பெரிய கப்பலுக்கு அது பல மெகாவாட் அளவில் இருக்கும். நீங்கள் கண்ட புகை உங்கள் அறைக்கு வந்த குளிர்காற்றுக்கும், தட்டுக்கு வந்த சூடான சாப்பாட்டுக்கும் உரிய புகை.

இதற்கு மாற்று இருக்கிறது, அதுவும் புதியதல்ல. கரையிலிருந்து தடிமனான கேபிள்கள் வழியே கப்பலுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, கப்பலின் ஜெனரேட்டர்களை நிறுத்திவிடலாம். கரை மின்சாரம் என்று இதைச் சொல்கிறோம். அலாஸ்காவின் ஜூனோ நகரில் பிரின்சஸ் குரூசஸ் நிறுவனத்தின் கப்பல்களுக்கு 2001ஆம் ஆண்டிலேயே இப்படி மின்சாரம் கொடுக்கத் தொடங்கினார்கள். சொகுசுக் கப்பல்களுக்கு உலகிலேயே அதுதான் முதல் ஏற்பாடு. அந்த ஊரில் நீர்மின்சாரம் உபரியாக இருந்தது. மலைகளுக்கு நடுவே அடைந்து கிடந்த கப்பல் புகை ஊர்மக்களுக்குப் பெருந்தொல்லையாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது வேலை நடந்தது.

இரண்டு தலைமுறைக் கப்பல்கள் வந்துபோன பிறகும் இது எல்லாத் துறைமுகங்களுக்கும் வராததற்குக் காரணம் பணமும் பொறுப்பும்தான். பெரும்பாலான பயணிகள் கப்பல்களின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் அலைவெண்ணில் ஓடுகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கரையில் இருப்பது 50 ஹெர்ட்ஸ். ஆகவே கேபிள் மட்டும் போட்டால் போதாது, அலைவெண்ணை மாற்றும் பெரிய நிலையமே துறைமுகத்தில் கட்ட வேண்டும். அதைக் கட்டினால் செருகிக்கொள்ளக் கப்பல் வருமா என்று துறைமுகம் தயங்கும். கப்பலில் அதற்கான இணைப்பு வசதியைப் பொருத்தினால் துறைமுகத்தில் மின்சாரம் கிடைக்குமா என்று கப்பல் நிறுவனம் தயங்கும். ஐரோப்பிய ஒன்றியம் இந்தத் தயக்கத்தைச் சட்டத்தால் உடைத்திருக்கிறது. 2030ஆம் ஆண்டு முதல் அங்குள்ள முக்கியத் துறைமுகங்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் பயணிகள் கப்பல்களும் சரக்குப்பெட்டகக் கப்பல்களும், சில விலக்குகள் நீங்கலாக, கரை மின்சாரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். இந்தியாவிலும் 2024 செப்டம்பரில் குரூஸ் பாரத் திட்டத்தைத் தொடங்கி, 2029க்குள் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரு மடங்காக்கப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். புதிய முனையங்கள் கட்டும்போதே தரைக்கடியில் கேபிள் பாதையும் மின்நிலையத்துக்கு இடமும் ஒதுக்கிவிட வேண்டும் என்று வற்புறுத்த வேண்டிய நேரம் இதுதான். தளம் போட்டு முடித்த பின் உடைத்துப் போடும் செலவு எவ்வளவு என்பது வீடு கட்டிய எல்லாருக்கும் தெரியும்.

புகையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுவதும் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டது. பல நிறுவனங்கள் விலை கூடிய சுத்தமான எண்ணெய்க்கு மாறாமல், புகையைக் கடல்நீரால் கழுவும் ஸ்க்ரப்பர் கருவிகளைப் பொருத்திக்கொண்டன. விதியும் அதை அனுமதிக்கிறது. புகைபோக்கியில் கந்தகம் குறைந்தது உண்மை; ஆனால் கழுவிய அமிலநீர் கடலுக்கே போகிறது. கழுவிய நீரை அப்படியே கடலில் விடும் வகைக் கருவிகளைத் தங்கள் கடற்பரப்பில் பயன்படுத்தக் கூடாது என்று டென்மார்க்கும் ஸ்வீடனும் 2025 ஜூலை முதல் தடை செய்திருக்கின்றன. காற்றிலிருந்து எடுத்ததைக் கடலில் கொட்டுவதைத் தூய்மை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): நார்வேயின் கடற்கழிகளுக்குள் கப்பல்கள் நுழையத் தடை விதித்துவிட்டதாகச் செய்தி படித்தேன். உண்மையா? சுற்றுலாவையே நம்பியிருக்கும் ஊர்கள் அதை எப்படித் தாங்கும்?

பதில்: முழுத் தடை இல்லை, புகை விடும் கப்பல்களுக்குத் தடை. அதுவும் படிப்படியாக வருகிறது. இந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் புதுமை எப்படிப் பிறக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த ஆழமான பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம். கெய்ராங்கர், நேரோய் என்ற இரண்டு ஃபியோர்டுகள் 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இரு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள், அவற்றிலிருந்து விழும் அருவிகள், முனையில் சில நூறு பேர் வாழும் சிற்றூர். கோடையில் ஒரே நாளில் பெரிய கப்பல்கள் இரண்டு மூன்று வந்து நின்றால், காற்று அசையாத நாட்களில் அந்தப் புகை வெளியேற வழியின்றிப் பாறைகளுக்கு இடையே நீல நிறப் படலமாகத் தொங்கும். மலையையும் அருவியையும் பார்க்க வந்தவர்கள் தாங்கள் வந்த கப்பலின் புகையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிய நிலை.

2018ஆம் ஆண்டு நார்வே நாடாளுமன்றம், உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் 2026க்குள் பயணிகள் கப்பல்களும் படகுகளும் புகையே விடாமல் ஓட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அப்போது அப்படி ஓடக்கூடிய பெரிய பயணக் கப்பல் உலகில் ஒன்றுகூட இல்லை. ஆனால் நம்பிக்கைக்கு ஒரு விதை அந்த நாட்டிலேயே இருந்தது. ஆம்பியர் என்ற வாகனப் படகு 2015இலிருந்து சோக்னே ஃபியோர்டில் லாவிக்குக்கும் ஒப்பெடாலுக்கும் இடையே முழுக்க பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ இருபது நிமிடப் பயணம், பிறகு கரையில் பத்து நிமிடம் சார்ஜ். அந்தச் சிற்றூர்களின் மின்கம்பி அவ்வளவு மின்சாரத்தை ஒரேயடியாக இழுத்தால் தாங்காது. அதற்காக இரு கரைகளிலும் ஒரு பெரிய பேட்டரியை வைத்தார்கள். படகு அக்கரையில் இருக்கும் நேரத்தில் கம்பியிலிருந்து சிறிது சிறிதாக இந்தப் பேட்டரி நிரம்பும். படகு வந்ததும் சேர்த்து வைத்ததை மொத்தமாகக் கொடுத்துவிடும். மேல்நிலைத் தொட்டியில் இரவு முழுவதும் நீர் ஏற்றிக் காலையில் எல்லாக் குழாய்களையும் திறப்பது போன்ற ஏற்பாடு. எளிய யோசனைதான்; ஆனால் ஊருக்கு ஏற்ற யோசனை.

அதன் பின் 2018இல் நேரோய் ஃபியோர்டில் 400 பேர் ஏறக்கூடிய முழு மின்சாரச் சுற்றுலாக் கப்பல் வந்தது. அடுத்து ஹவிலா நிறுவனம், பெர்கனிலிருந்து வடகோடியில் உள்ள கிர்கெனெஸ் வரை கடலோர ஊர்களைத் தொட்டுச் செல்லும் கப்பல்களில் 6,100 கிலோவாட் மணி அளவுள்ள பேட்டரிகளை வைத்தது. எரிவாயுவும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் கப்பல்கள் இவை. தேவைப்படும்போது ஏறத்தாழ நான்கு மணி நேரம் பேட்டரியில் மட்டுமே செல்ல முடியும். அவற்றில் ஒன்றான ஹவிலா காஸ்டர் 2022ஆம் ஆண்டு கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் எஞ்சினை நிறுத்திவிட்டு, சத்தமும் புகையும் இல்லாமல் போய்த் திரும்பியது. சட்டம் நடைமுறைக்கு வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தபோதே, இது முடியும் என்று காட்டியாகிவிட்டது.

ஆனாலும் பெரிய நிறுவனங்கள் அவகாசம் கேட்டன, அரசும் கொடுத்தது. 10,000 டன் மொத்த அளவுக்குக் குறைந்த கப்பல்களுக்கு 2026 ஜனவரி முதல் விதி பொருந்துகிறது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2032 வரை நீட்டித்துவிட்டார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. முதலீடு செய்து முன்கூட்டித் தயாரானவனுக்கு இல்லாத சலுகை தயாராகாதவனுக்குக் கிடைத்திருக்கிறது. ஹவிலாவின் கப்பல்களே 15,000 டன்னைத் தாண்டியவை என்பதை நினைத்துப் பாருங்கள். ஊர்கள் எப்படித் தாங்கும் என்று கேட்டீர்கள். கப்பல் வராவிட்டால் கடைக்காரருக்கு நட்டம் என்ற கவலை நியாயமானது. தேதி தள்ளிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த ஊருக்குக் கப்பலைக் கொண்டுவருவது பாறையும் அருவியும் தெளிந்த காற்றும்தான். அதைக் கெடுத்துக்கொண்டு எத்தனை கோடை காலம் கடை நடத்த முடியும்?

கேள்வி (திருச்சிராப்பள்ளி வாசகர்): புதிதாக வரும் மாபெரும் கப்பல்கள் இயற்கை எரிவாயுவில் ஓடுவதால் மிகத் தூய்மையானவை என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. துறைமுகத்திலும் நடுக்கடலிலும் எரிவாயுவிலேயே ஓடக்கூடிய முதல் சொகுசுக் கப்பலான ஐடாநோவா 2018 டிசம்பரில் ஜெர்மனியின் மேயர் கப்பல் கட்டும் தளத்திலிருந்து வந்தது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து புறப்பட்ட ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலும் இதே வகைதான். அதன் நீளம் 365 மீட்டர். எரிவாயுவைக் கழித்தல் 162 டிகிரி வரை குளிர்வித்துத் திரவமாக்கித் தொட்டியில் நிரப்புகிறார்கள். கந்தகம் அநேகமாக இல்லை, கரித்துகள் மிகக் குறைவு, எரியும்போது வரும் கார்பன் டை ஆக்ஸைடும் எண்ணெயைவிட ஏறத்தாழ கால் பங்குவரை குறைவு. துறைமுகத்துக்கு அருகில் குடியிருப்பவரின் நுரையீரலுக்கு இது உண்மையான நன்மை.

மீதிப் பாதி எஞ்சினுக்குள் இருக்கிறது. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். பயணிகள் கப்பல்களில் உள்ள எஞ்சின்களில் அதில் ஒரு பகுதி எரியாமலேயே புகைபோக்கி வழியே நழுவிவிடுகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்ஸைடைப் போல எண்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஐரோப்பிய விதிகள் இத்தகைய எஞ்சின்களில் 3.1 சதவீதம் நழுவுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு நிறுவனம் மற்ற சிலரோடு சேர்ந்து, ஓடும் கப்பல்களின் புகையில் டிரோன்களும் ஹெலிகாப்டரும் கொண்டு அளந்து 2024இல் வெளியிட்ட முடிவில் சராசரி 6.4 சதவீதம் வந்தது. அளவு இரட்டிப்பாகும்போது லாபம் முழுவதும் கரைந்துபோகிறது. ஆகவே "எரிவாயுக் கப்பல்" என்று விளம்பரம் வந்தால், மீத்தேன் கசிவை யார் அளந்தார்கள், எங்கே அளந்தார்கள் என்று கேளுங்கள். ஆய்வுக்கூடத்தில் அளந்ததா, கடலில் ஓடும்போது அளந்ததா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கேள்வி (மதுரை வாசகி): விமானத்தில் போய் விடுதியில் தங்குவதைவிடக் கப்பலில் போவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று என் மகன் சொல்கிறான். சரியா?

பதில்: உங்கள் மகன் சரக்குக் கப்பலை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். சரக்குக்கு அது பொருந்தும். பயணிகள் கப்பல் விடுதியையே சுமந்துகொண்டு போகிறது. அதே ஐ.சி.சி.டி. 2022இல் போட்ட ஒரு கணக்கின்படி, ஐந்து இரவுகளில் சுமார் 2,000 கிலோமீட்டர் செல்லும் கப்பல் பயணத்தில், சிக்கனமான கப்பலாகவே இருந்தாலும், ஒருவருக்கு ஏறத்தாழ 500 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. அதே தூரம் விமானத்தில் போய்வந்து நான்கு நட்சத்திர விடுதியில் தங்கினால் ஏறத்தாழ 235 கிலோ. இருப்பினும் ரயிலில் போய்வரக்கூடிய இடத்துக்கு இரண்டுமே தேவையில்லை.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): நடுத்தர அளவில் ஒரு விடுதி நடத்துகிறேன். காலை பஃபேயில் மிஞ்சுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கப்பலில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்: வயிறு எரிவதே நல்ல தொடக்கம், பல விடுதிகளில் மிஞ்சியதை முதலாளி பார்ப்பதே இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 28 சதவீதம் உணவகங்கள், விடுதிகள் முதலான உணவுச் சேவைத் துறையிலிருந்து வந்தது.

கப்பலில் குப்பை அறை என்று ஒன்று உண்டு. பயணிகள் யாரும் பார்க்காத, கீழ்த்தளத்தில் இருக்கும் அந்த அறையில் நான் சில மாதங்கள் மேற்பார்வை பார்த்திருக்கிறேன். துருப்பிடிக்காத எஃகு மேசையின் இரு பக்கமும் கையுறை போட்ட பணியாளர்கள் நின்று, மேலிருந்து வரும் ஒவ்வொரு பையையும் கொட்டிப் பிரிப்பார்கள். கண்ணாடியை நிறவாரியாகப் பிரித்து நொறுக்குவார்கள். டின்களை அழுத்திக் கட்டுவார்கள். உணவை அரைக்கும் பல்ப்பர் கருவிக்குத் தள்ளுவார்கள். உணவுக் கழிவுக்குள் ஒரு வெண்ணெய்ப் பொட்டலத்தின் உறை போய்விட்டால்கூட அது பெரிய குற்றம், ஏனெனில் பிளாஸ்டிக்கைக் கடலில் எந்த இடத்திலும் போடக் கூடாது என்பது மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கையின் விதி. அரைத்த உணவைக்கூடக் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம். சில கடல்களில் பன்னிரண்டு மைல். அந்த மேசைக்கு வரும் பைகளைப் பார்த்தே எந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் அன்று என்ன அதிகம் சமைத்தார்கள் என்று சொல்லிவிட முடியும். அப்படிப் பிரிப்பவரிடம் போய்க் கேட்ட தலைமைச் சமையற்காரர்கள் மிகச் சிலர். கேட்டவர்களின் சமையற்கூடத்தில் மறுவாரமே பைகள் குறைந்தன.

இன்று அந்தக் கேள்வியைக் கருவி கேட்கிறது. 2013இல் லண்டனில் தொடங்கிய வின்னோ என்ற நிறுவனத்தின் கருவியில் குப்பைத் தொட்டிக்கு அடியில் எடைபோடும் தராசும் மேலே கேமராவும் இருக்கும். கொட்டுவது என்ன உணவு என்று படத்தைப் பார்த்துக் கண்டறிந்து, எடையையும் அதற்கான பணத்தையும் உடனே திரையில் காட்டும். நீங்கள் அதை வாங்க வேண்டியதில்லை. ஒரு தராசும் நோட்டுப்புத்தகமும் போதும். இரண்டு வாரம், காலை பஃபேயில் மிஞ்சியதையும் தட்டுகளில் மிஞ்சியதையும் தனித்தனியாக எடை போட்டு எழுதுங்கள். இந்தப் பிரிப்பு முக்கியம். பாத்திரத்தில் மிஞ்சினால் பிழை சமையற்கூடத்தில். தட்டில் மிஞ்சினால் பிழை பரிமாறும் முறையில்.

தட்டில் மிஞ்சுவதற்கு மலிவான மருந்து ஒன்று உண்டு. நார்வே ஆய்வாளர்கள் ஒரு விடுதிக் குழுமத்தின் 52 விடுதிகளில் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சில விடுதிகளில் தட்டின் அளவைச் சற்றுக் குறைத்தார்கள். சிலவற்றில் "எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், ஒரே தடவையில் நிறைய எடுக்க வேண்டாம்" என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வைத்தார்கள். இரண்டிலும் தனித்தனியே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கழிவு குறைந்தது. விருந்தினர் திருப்தியும் குறையவில்லை.

பாத்திரத்தில் மிஞ்சுவதற்கு, கடைசி ஒரு மணி நேரத்தில் பெரிய பாத்திரங்களை எடுத்துவிட்டுச் சிறியவற்றை வையுங்கள். பொங்கலும் சாம்பாரும் தீரத் தீர வரட்டும், தோசையும் ஊத்தப்பமும் கேட்ட பிறகே கல்லில் ஊற்றப்படட்டும். உங்கள் ஊரில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. பந்தியில் பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துத்தான் அடுத்த கரண்டி வைக்கிறார்; கை மறித்தால் நிறுத்துகிறார். சாப்பிடுகிறவரின் பசிக்கும் இலைக்கும் நடுவே ஒரு மனிதர் நிற்கிறார். பஃபே அந்த மனிதரை எடுத்துவிட்டது. இட்லித் தட்டுக்கு முன்னால் அவரைத் திரும்ப நிறுத்திப் பாருங்கள், ஒரு மாதத்தில் உங்கள் நோட்டுப்புத்தகமே சொல்லும்.

கேள்வி (சேலம் வாசகர்): விடுதிக் குளியலறையில் "துண்டை மறுபடி பயன்படுத்தி உலகைக் காப்பாற்றுங்கள்" என்ற அட்டை வைக்கிறார்களே, அதனால் பயன் உண்டா, அல்லது அவர்களுடைய சலவைச் செலவை மிச்சப்படுத்தத்தானா?

பதில்: இரண்டும் உண்டு, மிச்சப்படுத்துவதில் தவறும் இல்லை. உங்கள் சந்தேகத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பசுமைப் பூச்சு என்று நாம் சொல்லும் கிரீன்வாஷிங் என்ற சொல்லையே, 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் விடுதிகளின் இந்தத் துண்டு அட்டையைக் கண்டித்துத்தான் உருவாக்கினார். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், சுற்றுச்சூழலைக் காப்போம் என்று பொதுவாக எழுதிய அட்டைக்கு 35 சதவீதத்தினரும், பெரும்பாலான விருந்தினர்கள் துண்டை மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்று எழுதிய அட்டைக்கு 44 சதவீதத்தினரும் இணங்கினார்கள். இதே அறையில் தங்கியவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று எழுதியபோது அது 49 சதவீதமானது. அட்டை வேலை செய்கிறது. ஆனால் விருந்தினரிடம் துண்டைக் கேட்கும் விடுதி, தன் பங்குக்குக் கொதிகலனையும் குளிர்சாதன இயந்திரத்தையும் மாற்றியிருக்கிறதா என்பதையும் அதே அட்டையில் எழுத வேண்டும். நான் விடுதிகளில் தங்கும்போது வரவேற்பறையில் இதைக் கேட்பது வழக்கம். பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை, கேட்பதை நிறுத்தவும் இல்லை.

கேள்வி (இராமநாதபுரம் வாசகர்): கடல்நீரைக் கொண்டே விடுதிக்குக் குளிர்சாதன வசதி செய்யலாம் என்கிறார்கள். எங்கள் கடற்கரையில் சிறு விடுதி கட்டும் எண்ணம் இருக்கிறது. சாத்தியமா?

பதில்: உங்கள் கரையில் சாத்தியமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசிபிக் தீவான போரா போராவில் ஒரு விடுதி 2006 முதல் இந்த முறையில் இயங்குகிறது. ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்திலிருந்து மிகக் குளிர்ந்த நீரைக் குழாய் வழியே மேலே எடுத்து, அதன் குளிர்ச்சியை மட்டும் வாங்கிக்கொண்டு நீரைத் திரும்பக் கடலுக்கு அனுப்புகிறார்கள். மின்சாரம் வேண்டியது பம்புக்கு மட்டும்தான். டெட்டியாரோவா தீவில் 2014இல் திறந்த தி பிராண்டோ விடுதியிலும் இதே ஏற்பாடு. எரிமலைத் தீவுகளில் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் அதல பாதாளமாக இறங்குவதால் இது முடிகிறது. பாக் நீரிணைப் பகுதியின் கடல் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. அங்கே அடியில் இருப்பதும் வெதுவெதுப்பான நீர்தான்.

உங்களுக்குப் பக்கத்தில் வேறொரு பாடம் இருக்கிறது. இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே கண்டலம ஏரிக்கரையில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த விடுதி 1994இல் திறக்கப்பட்டது. சிகிரியா குன்றின் அருகே கட்டுவதற்காகத்தான் அவரை அழைத்திருந்தார்கள். அந்த இடம் வேண்டாம் என்று சொல்லி, தொலைவிலிருந்து குன்றைப் பார்க்கும் பாறைச் சரிவு ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார். பாறையை வெட்டிச் சமப்படுத்தாமல் தூண்களின் மேல் கட்டடத்தை நிறுத்தியதால், மழைநீர் கட்டடத்துக்கு அடியிலேயே வழிந்து ஏரிக்குப் போகிறது. நடைவழிகள் காற்றுக்குத் திறந்தவை. பாறையே சில இடங்களில் சுவராக நிற்கிறது. வெளியே கொடிகள் வெயிலைத் தாங்குகின்றன. அறைகளுக்குக் குளிர்சாதனம் இருக்கிறது, ஆனால் நடைவழிகளையும் கூடங்களையும் குளிர்விக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் கட்டடக் கலைஞரிடம் குளிர்சாதனக் கருவியைப் பற்றிப் பேசும் முன், தென்கிழக்குக் காற்று வரும் திசையையும், மேற்கு வெயிலையும், திண்ணையின் அகலத்தையும் பற்றிப் பேசுங்கள். நம் ஓட்டு வீடுகளின் முற்றமும் தாழ்வாரமும் தெரிந்த கொத்தனார் இன்னும் உங்கள் மாவட்டத்தில் இருப்பார்.

கேள்வி (தூத்துக்குடி மாணவர்): ஓட்டல் மேலாண்மை இறுதியாண்டு படிக்கிறேன். கப்பலில் வேலைக்குச் சேர விருப்பம். அங்கே தவறு நடப்பதைப் பார்த்தால் என்ன செய்வது என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: தம்பி, இந்தப் பயம் உங்களுக்கு இருப்பதே எனக்கு நிம்மதியாக இருக்கிறது. 2013ஆம் ஆண்டு, கரீபியன் பிரின்சஸ் என்ற கப்பலில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம் பொறியாளர், எண்ணெய்க் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் நேரே கடலுக்கு அனுப்ப ஒரு கள்ளக்குழாய் பொருத்தியிருப்பதைக் கண்டார். கப்பல் இங்கிலாந்துக் கரைக்கு வந்ததும் வேலையை விட்டு இறங்கி, அந்நாட்டு அதிகாரிகளிடம் தெரிவித்தார். அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடர்ந்தது. 2016 டிசம்பரில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. கப்பல்கள் வேண்டுமென்றே செய்த மாசுபாட்டுக்காக அதுவரை விதிக்கப்பட்ட தண்டத்தொகைகளில் அதுவே மிகப் பெரியது. இத்தகைய வழக்குகளில் தகவல் கொடுத்தவருக்கு அபராதத்தில் பாதிவரை நீதிமன்றம் வழங்கலாம் என்று அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

நீங்கள் விடுதிப் பிரிவில்தான் சேர்வீர்கள், எஞ்சின் அறைக்குப் போக வேண்டியிராது. ஆனால் கழிவு உங்கள் கை வழியேதான் போகும். சேர்வதற்கு முன் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாவது இணைப்பை ஒரு தடவையாவது முழுமையாகப் படியுங்கள். எதை எங்கே, கரையிலிருந்து எத்தனை மைலில் விடலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு கப்பலிலும் குப்பைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. என்ன அளவு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் வெளியேற்றப்பட்டது என்று அதில் எழுதிப் பொறுப்பு அதிகாரி கையெழுத்திட வேண்டும். உங்கள் பிரிவிலிருந்து போன அளவும் பதிவேட்டில் ஏறிய அளவும் பொருந்துகின்றனவா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெரிய நிறுவனங்கள் எல்லாக் கப்பல்களிலும் சுற்றுச்சூழல் அதிகாரி ஒருவரை வைத்திருக்கின்றன; சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரை நேரில் போய்ப் பார்த்து, குப்பை அறையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விடுதிப் பிரிவிலிருந்து அப்படி யாரும் வந்து கேட்பது அரிது. உங்கள் முகத்தை அவர் மறக்க மாட்டார்.